லிண்ட்னர் என்கிற மரியாதையான மனிதர்

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தை நல்லபடியாக முடிகிற குடும்பக் கதை என்றே பலர் சொல்கிறார்கள். சிகாகோவின் தெற்குப் பகுதியில், பக்கத்துக் குடித்தனத்தோடு கழிப்பறையைப் பங்குபோட்டு வாழும் கறுப்பினக் குடும்பம் ஒன்று. இறந்துபோன அப்பாவின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வருகிறது. மகன் வால்டர் பெரும்பகுதியை ஏமாந்து தொலைக்கிறான். மீதியை முன்பணமாகக் கொடுத்து அம்மா ஏற்கெனவே வாங்கியிருந்த வீட்டுக்கு, வெள்ளையர் பகுதிக்குக் குடிபோகிறார்கள். சுபம்.

என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. காரணம், கார்ல் லிண்ட்னர். நாடகத்தில் வசனம் பேசுகிற ஒரே வெள்ளைக்காரர். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் வருகிறார். கத்துவதில்லை, திட்டுவதில்லை. பேசித் தீர்த்துக்கலாம் என்கிற தோரணையில், கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருகிறோம், வீட்டை எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்கிறார். நாடகத்தின் ஆகப் பெரிய வன்முறை இந்த மரியாதைதான்.

ஏனென்றால் அவருக்குப் பின்னால் ஒரு அரசே நிற்கிறது. போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகியபோது, லெவிட்டவுன் போன்ற ஊர்களில் வெள்ளையருக்கு மட்டுமே வீடு விற்றார்கள். கறுப்பர் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர அரசு அமைப்பே தயங்கியது. ஹான்ஸ்பெரிக்கு இது கேள்விப்பட்ட சங்கதி அல்ல. அவருடைய அப்பா வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கி, 1940இல் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றவர். ஆனால் அந்தத் தீர்ப்பு சட்ட நுணுக்கம் ஒன்றில்தான் நின்றது. அத்தகைய இன ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று சொல்ல 1948 ஆனது.

1959இல் பிராட்வேயில் அரங்கேறிய இந்த நாடகத்தை, நடுத்தர வர்க்க ஆசை என்று அமிரி பராக்கா முதலில் ஒதுக்கினார். பிற்பாடு அவரே அதை மாற்றிக்கொண்டார். அசகாயின் வசனங்கள் சில இடங்களில் பிரசங்கமாகிவிடுவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வீடு கேட்பதை வெறும் ஆசை என்பது, ஏற்கெனவே வீடு உள்ளவர்கள் பேசுகிற பேச்சு.

கடைசியில் வால்டர் அந்தப் பணத்தை மறுக்கிறான். எல்லாரும் கிளம்புகிறார்கள். திரை விழும்போது நம் முன்னே இருப்பது காலியான பழைய அறை மட்டும். புது வீட்டை ஹான்ஸ்பெரி நமக்குக் காட்டவே இல்லை. வீடு விற்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 34 வயதில், அவர் போய்விட்டார்.