காற்றை வினவிய பாட்டு

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்து, தனியே கதிர் அறுத்துப் பாடும் பெண்ணைப் பற்றிய வோர்ட்ஸ்வொர்த்தின் பாட்டை விரும்பி ஓதினோம். அக்கவிஞர் அவள் பாடலின் பொருள் அறியார். இசையை மட்டும் நெஞ்சிற் கொண்டு மலையேறிவிடுகிறார்.

நாம் கிராணியாய் அமர்ந்த முதலாண்டில், விடியற்காலைப் பெரட்டுக்குப் பிந்தி வந்த அம்மையார் ஒருவர், குழந்தைக்குக் காய்ச்சல் என்றார். கேட்டுக்கொண்டே அரைநாட் கூலி எழுதினோம். அன்றிரவு, பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைக் குறித்துப் பாரதியார் பாடியதைப் படிக்க நேர்ந்தது.

பாரதியார் அத்தீவைக் கண்டவரல்லர். ஆதலின் அவர்தம் அழுகையைப் பற்றிக் காற்றை வினவுகிறார். விம்முதலைக் குறிக்கும் சொல்லை நான்கு முறை அடுக்குகிறார். இசை குறித்த அடுக்கு நான்கைக் கடவாதென்பது தொல்காப்பிய விதி. அவ்வெல்லைவரை சென்றும் அழுகை அடங்கவில்லை! கேட்டவர் இன்புற்று அகன்றார். கேளாதவர் ஆற்றாது துடித்தார். எவர் பாட்டு உயர்ந்ததென அன்றே தெளிந்தோம்.

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறோம். முடிவிற் பாரதியார் காளியை அழைக்கிறார். பிஜியின் ஒப்பந்தக் கூலிமுறை 1920-இல் ஒழிந்தது மாந்தர்தம் கிளர்ச்சியாலன்றோ?

மறுநாள் அக்கணக்கைத் திருத்தினோம் என்றெழுத ஆசையே, திருத்தினோமில்லை. அடுத்த பெரட்டு முதல், பிந்தி வந்தவரிடம் காரணம் கேட்ட பின்னரே பேனாவை எடுத்தோம். அப்பாட்டு நமக்குச் செய்த நன்மை அவ்வளவே, அதுவும் சிறிதன்று.