இருநூறு கோடிக் கார்கள்: ஒரு நூல் மதிப்புரை

கார் பெருகினால் புகையும் பெருகும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தப் புகையைக் குறைக்க அரசு சட்டம் செய்யும்போது, அதில் வரும் எண்களைக் கணக்கிட்டுத் தருகிறவர் யார்? இதை அறிய விரும்பும் மாணவர்கள் படிக்கத்தக்க ஆங்கில நூல், டேனியல் ஸ்பெர்லிங், டெபோரா கார்டன் இருவரும் எழுதி 2009இல் வெளிவந்த ‘டூ பில்லியன் கார்ஸ்’. உலகில் அன்று நூறு கோடியைத் தாண்டியிருந்த மோட்டார் வண்டிகள் இருபதே ஆண்டுகளில் இரு மடங்காகும், அப்போது எண்ணெய்க்கும் காற்றுக்கும் என்ன நேரும் என்று கேட்கிறது இந்நூல்.

நூலாசிரியர்கள் கரையில் நின்று பார்த்தவர்கள் அல்லர். கார்டன் எண்ணெய் நிறுவனமொன்றில் இரசாயனப் பொறியாளராகத் தொடங்கிக் கொள்கை ஆராய்ச்சிக்கு வந்தவர். ஸ்பெர்லிங் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் போக்குவரத்து ஆய்வு நிலையத்தை நிறுவியவர். 2007இல் அம்மாநிலக் காற்று வள வாரியத்தில், மோட்டார் பொறியியல் அறிந்தவருக்கென உள்ள இடத்தில் அவர் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில், பெர்க்லி வளாகத்தின் அலெக்ஸ் ஃபாரெலுடன் சேர்ந்து, எரிபொருள்களின் கார்பன் அளவை 2020க்குள் 10 சதவீதம் குறைக்கும் விதிக்கு ஆய்வு அறிக்கையும் தயாரித்தார்.

இவ்விதி குழாய்ப் புகையை மட்டும் பார்ப்பதில்லை. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலை எடுத்துக்கொள்வோம். வயலுக்கு இட்ட உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எழும். வடிசாலையில் எரிவாயு எரியும். இவையெல்லாம் கணக்கில் சேரும். அதோடு நில்லாமல், சோளம் எரிபொருளுக்குப் போனால் உணவுக்காக வேறெங்கோ காடு அழியுமே, அந்தக் கரியமில வாயுவை யார் கணக்கில் எழுதுவது? 2009 ஏப்ரலில் வாரியம் விதியை ஏற்றபோது, இதற்காக எத்தனாலின் கணக்கில் ஒரு மெகாஜூலுக்கு 30 கிராம் சேர்த்தது. பெட்ரோலின் மொத்தக் கணக்கே ஏறக்குறைய 95 கிராம்தான். எத்தனால் உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்து நீதிமன்றம் சென்றனர். 2015இல் வாரியமே அந்த எண்ணை ஏறக்குறைய 20ஆகக் குறைத்தது.

எண் மாறியது தவறன்று. அறிவியலில் எண்கள் மாறும். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் மாறும் எண் வேறு, உழவனின் வரவையும் ஆலையின் முதலீட்டையும் தீர்மானிக்கும் எண் வேறு. ஆய்ந்தவரே வாரியத்தில் வாக்களிப்பவராகவும் இருக்கும்போது, தம் கணக்கில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம் என்பதை அவர் இரு மடங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். நூலின் உற்சாக நடையில் இந்தத் தயக்கத்துக்கு இடம் போதவில்லை என்பதே என் குறை. செயற்கைப் பெட்ரோல், மெத்தனால், ஹைட்ரஜன் என்று ஒவ்வொரு காலத்தும் ஓர் எரிபொருள் மோகம் வந்து போனதை ஆசிரியர்களே நன்றாக எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதால் இக்குறை இன்னும் உறுத்துகிறது.

ஆராய்ச்சியாளர் அரசுப் பதவிக்கு வருவதே கூடாது என்பாரும் உளர். அவர்கள் ஹாகன்-ஸ்மித்தை நினைக்க வேண்டும். அன்னாசிப் பழ மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த இந்த வேதியியலறிஞர்தான், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கண்ணெரிக்கும் புகைமூட்டம் கார்ப் புகையில் வெயில் பட்டு உண்டாவது என்று 1950 வாக்கில் காட்டினார். எண்ணெய்த் தொழிலார் மறுத்தார்கள். அவர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிடவில்லை. மேலே சொன்ன வாரியத்துக்கு 1968இல் முதல் தலைவரானவர் அவரே.

சீனாவுக்குத் தனி அத்தியாயம் உண்டு, இந்தியாவுக்கு இல்லை. சீனாவைக் கவனிக்கச் சொன்னது வீண்போகவில்லை. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் ஓடுபவை. பேருந்தில் தொங்கிச் செல்லும் நமக்கு நூலில் கிடைப்பது குறைவு. பெரும்பகுதி வண்டியையும் எரிபொருளையும் பற்றியதே.

ஆங்கிலம் கடினமானதன்று. கல்லூரி மாணவர்கள் எரிபொருள் பற்றிய அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வரலாம்.