சொதிக்கு எந்த வைன்?

எந்த உணவுக்கு எந்த வைன் பொருந்தும் என்று சொல்லித்தரும் பத்திகளை ஆங்கில இதழ்களின் ஞாயிற்றுப் பக்கங்களில் தொடர்ந்து படித்துவருகிறேன். ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை, காரமான பதார்த்தத்துக்கு லேசான இனிப்புள்ள ரீஸ்லிங். இந்தியச் சாப்பாடு என்று இவர்கள் எழுதுவது பெரும்பாலும் பட்டர் சிக்கனைத்தான். தென்காசிக்காரியான எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: சொதிக்கு எந்த வைன்?

கேலியாகக் கேட்கவில்லை. அந்த விதிகளுக்குப் பின்னால் காரணங்கள் உண்டு. சிவப்பு வைனின் துவர்ப்பைத் தருவது டானின். இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேரும்போது அது மட்டுப்படும். அதே வைனை மீனோடு குடித்தால் வாயில் கவிச்சி நிற்கும். வைனில் இருக்கும் இரும்புதான் அதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும். புளிப்பான குழம்புக்கு முன்னால் புளிப்புக் குறைந்த வைன் சப்பென்று போய்விடும். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். நாக்கைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறவர்கள் கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பதுதான் என் குறை. சமைத்த கை, ஊற்றும் கை, பரிமாறும் கை.

ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் வரும் மேசையை வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை. சூப்புக்கு ஒரு கோப்பை, மீனுக்கு ஒரு கோப்பை, இறைச்சிக்கு இன்னொன்று. ஐரோப்பாவிலேயே இந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ரஷ்ய முறை என்று அதற்குப் பெயர். அதற்குமுன் பணக்கார வீட்டு விருந்திலும் பல பதார்த்தங்கள் ஒரே நேரத்தில் மேசையில் இருந்தன. தட்டுத் தட்டாக வரவேண்டுமானால் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி. தேங்காயை மூன்று முறை பிழிந்து, இரண்டாம், மூன்றாம் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் பாசிப்பருப்பும் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இலையில் எல்லாம் ஒருசேர இருக்கும். எந்தக் கவளத்தோடு எது சேரும் என்பதைச் சாப்பிடுகிறவர் விரல்தான் முடிவு செய்யும். ஒரு பதார்த்தத்துக்கு ஒரு வைன் என்ற கணக்கு இங்கே நிற்காது. அது போகட்டும். சொதியைத் திரியாமல் இறக்கிவைத்தவள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது சொதி ஆறிப்போய் மேலே ஏடு கட்டியிருக்கும். பொருத்தம் பார்ப்பதானால் அந்த ஆறிய சொதிக்குப் பார்க்க வேண்டும் என்பேன்.

நம் வீடுகளில் குடிக்கும் உணவுக்கும் பொருத்தம் பார்க்கும் கலை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜூன் மாதம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு வந்து பாருங்கள். ஐந்தருவிப் பக்கமோ பழைய குற்றாலத்துப் பக்கமோ குடும்பமாக வீடெடுத்துத் தங்குகிறார்கள். காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல். குளித்துவிட்டு வந்தால் கொலைப்பசி. ஆண்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். பெண்கள் அந்த வீட்டின் இடுக்கு அடுப்படியில், வந்த இடத்திலும் சமைப்பார்கள். மாடியிலிருந்து பையன் ஒருவன் தட்டோடு இறங்கிவந்து, ‘இன்னும் கொஞ்சம் சைட் டிஷ் கேக்காவ’ என்பான்.

சைட் டிஷ் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆட்டுக்குடல் வறுவலும் நெத்திலிப் பொரியலும் நாட்டுக்கோழி மிளகு வறுவலும் இந்தச் சொல்லுக்குள் வந்ததும் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. இரண்டு மணி நேரம் வேலை வாங்கிய உணவு, கடையில் வாங்கிய குப்பிக்குத் துணைப்பொருள். என் மதினி ஒருத்திக்கு இதில் தேர்ந்த அறிவு உண்டு. பீர் என்றால் உப்பும் மொறுமொறுப்பும் வேண்டும், ரம் என்றால் மிளகு தூக்கலாக, ஈரப்பதம் இல்லாமல் வறட்ட வேண்டும், பிராந்திக்கு ஈரல். தான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. காலியாகத் திரும்பும் தட்டையும் பாதியில் திரும்பும் தட்டையும் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ‘சொமலியே’ என்று பிரெஞ்சில் சொல்லி, படித்துப் பட்டம் வாங்கி, சம்பளத்துக்குச் செய்யும் வேலை இது. இவள் அதைக் கண்ணால் செய்கிறாள்.

பழைய இலக்கியத்துக்கு வருகிறேன். நம்முடைய சுவை ஆராய்ச்சிக்காரர்கள் பெருமையோடு தொடங்கும் இடம் அது. புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் குடித்து மகிழ்ந்திரு என்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமானியச் சாடித் துண்டுகளோடு இந்தப் பாட்டைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். வைனுக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டு வயது என்று மகிழ்கிறோம். குடிப்பவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அனுப்பிய நாட்டாருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஊற்றுகிறவர்களுக்கு வளையல் மட்டும். பொருநராற்றுப்படையிலும் இதே ஏற்பாடுதான்: நகையணிந்த பெண்கள் சிரித்த முகத்தோடு பொற்கலம் நிறைய ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள், பொருநர் இறைச்சியைத் தின்று தின்று, உழுது தேய்ந்த கொழுவைப் போலப் பல் மழுங்குகிறார்கள்.

இதைவிட என்னை நிறுத்திவைப்பது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் விருந்தைச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளை மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்த கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். வீட்டில் செய்த மதுவையும் வீட்டில் செய்த உணவையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சொல்லும் இவ்வளவு தெளிவான பகுதி பழந்தமிழில் எனக்கு வேறு அகப்படவில்லை. ஆனால் அதன் இலக்கணத்தைப் பாருங்கள். ஆற்றி, கலந்து, கழித்து என்று வேலைகள் எல்லாம் எச்சங்களாக நிற்கின்றன. செய்தவர் யாரென்று சொல்லப்படவில்லை. அந்த வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைமுற்று, வழிப்போக்கனான பாணனைப் பார்த்து ‘நீங்கள் பெறுவீர்கள்’ என்று சொல்வது. பிழிந்த விரல் யாருடையது? உரையாசிரியருக்கும் அது கேள்வியாகப் படவில்லை. மொட்டை மாடித் தட்டும் இப்படித்தான் போய்ச் சேருகிறது.

இதே புலவர் பட்டினப்பாலையில் வேறு ஒரு காட்சியையும் வைத்திருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்து இரவில் பெண்கள் பட்டைக் களைந்து மெல்லிய துகில் உடுத்துகிறார்கள். ஒரு வகைக் கள்ளை விட்டு இன்னொரு மதுவைத் தேர்ந்து குடிக்கிறார்கள். துணைவரோடு கூடும் இரவு என்பதால் இது அனுமதிக்கப்பட்ட குடி என்று தள்ளிவிடலாம். ஆனாலும் அந்த வினைகளுக்கு எழுவாய் பெண்கள். எது வேண்டாம், எது வேண்டும் என்று பிரித்தறிகிறவர்கள் அவர்கள். வைன் பத்தி எழுதுகிறவர்கள் மேற்கோளுக்குத் தேடுவதானால் இங்கே தேடலாம்.

ஔவையை விட்டுவிட முடியாது. அதியமான் இறந்தபின் அவர் பாடிய கையறுநிலைப் பாட்டில் (புறம் 235) இழப்பைக் கள்ளிலிருந்துதான் தொடங்குகிறார். கள் குறைவாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறைய இருந்தால் நாங்கள் குடித்துப் பாட, எஞ்சியதை அவன் மகிழ்ந்து குடிப்பான். அடுத்து சோறு, அடுத்து எலும்போடு கூடிய இறைச்சி. உணவும் மதுவும் யாரிடமிருந்து யாருக்குப் போகின்றன என்பதுதான் அந்தப் பாட்டில் நட்பின் அளவுகோல். இங்கே பெண் ஊற்றவில்லை, அவளுக்கு ஊற்றப்படுகிறது. குறைவாக இருக்கும்போது அவளுக்கு முதலில்! இந்த ஔவையை நாம் என்ன செய்தோம்? ஔவை என்ற பெயரில் பல காலத்துப் புலவர்கள் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டிய பிறகும், மக்கள் மனத்தில் இருப்பவர் திருநீறும் கைத்தடியுமாக நீதி சொல்லும் பாட்டி. 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்த உருவத்தை நிலைநிறுத்தினார். அவர் குரல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பாட்டி அதியமானோடு உட்கார்ந்து கள் குடித்தார் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆசிரியர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பெண்களும் குடிக்க வேண்டும் என்கிறாயா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்நின்று நடத்தியவர்கள் நாகம்மையும் கண்ணம்மாளும். நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்பில் கூடிய பெண்கள் 1992இல் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலமெங்கும் பரவியது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில், அதாவது அரசின் கையில். நெடுஞ்சாலைக் கடைகளை நகர்த்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2017இல் அவை ஊருக்குள் வந்தன. மறித்தவர்கள் பெண்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி அறைந்த காட்சியை நாடே பார்த்தது. கூலியைக் குடித்துவிட்டு வருகிறவனுக்குக் கதவைத் திறக்கிறவளிடம் போய் ரீஸ்லிங் பற்றிப் பேச எனக்கும் வாய் வராது.

ஆனாலும் இந்த இரண்டையும் எதிரெதிராக வைக்க நான் தயாரில்லை. வீட்டுப் பணத்தில் எவ்வளவு குப்பிக்குப் போகும், எவ்வளவு அரிசிக்குப் போகும் என்று முடிவு செய்கிறவர் யார் என்பதுதான் தூபகுண்டாவில் கேட்கப்பட்டது. பந்தியில் யார் உட்கார்வது, யார் நிற்பது என்பதும் அதே முடிவின் இன்னொரு துண்டு. கடையை மறித்தவளைப் போற்றுகிறவர்களே, ஒரு கோப்பை குடித்தவளைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். குடிக்காத தாய், ஊற்றித்தரும் மங்கை என்ற இரண்டு இடங்களுக்கு வெளியே அவளுக்கு இடம் இல்லை. சுவை அறியும் ஒருத்தி என்ற மூன்றாவது இடத்தைத்தான் நான் கேட்கிறேன். அங்கே உட்கார்ந்து வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு முடியும்.

சரி, சொதிக்கு எது? தேங்காய்ப் பாலின் கொழுப்பும் எலுமிச்சையின் புளிப்பும் இஞ்சியின் உறைப்பும் சேர்ந்த உணவுக்கு டானின் மிகுந்த சிவப்பு கசந்துபோகும். ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் உள்ள, நுரைக்கும் ஒன்று வேண்டும். அப்படி ஒன்று தென்னையிலேயே இருக்கிறது: கள். பால் தந்த மரமே கள்ளும் தருகிறது. ஆனால் சொதி சைவ வேளாளர் வீட்டு உணவு. கள் மரமேறுகிறவர்களின் பானம். அந்தச் சமையற்கட்டில் இரண்டும் சந்திக்க முடியாததற்குச் சுவை காரணம் இல்லை. போதாததற்கு 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பனங்கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் குற்றம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டையைத் தாண்டி, புளியரை வழியே ஆரியங்காவுக்குப் போனால் அதே கள் சட்டப்படி கிடைக்கிறது. கப்பைக் கிழங்கும் மீன் கறியும் கூடவே வரும். நான் போன கடையில் பெண்கள் உட்காரத் தட்டி வைத்து மறைத்த ஓர் அறை இருந்தது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த சேச்சி வெளியே வரவே இல்லை.

பெண் செய்து, பெண்ணே முதலில் ருசி பார்க்கும் மது எங்கள் பக்கம் ஒன்றுதான் எனக்குத் தெரியும்: கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் போடும் வைன். எங்கள் தெரு டீச்சரம்மா கம்பம் பன்னீர்த் திராட்சையை நசுக்கி, சீனியும் ஈஸ்ட்டும் கிராம்பும் ஒரு கை கோதுமையும் போட்டு, ஊறுகாய் ஜாடியில் துணி கட்டி, இருபத்தோரு நாள் வைப்பார். தினமும் மர அகப்பையால் கிண்டி, ஒரு சொட்டு புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். மது தயாரிப்பதைத் தடுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்னால் அந்த ஜாடியும் குற்றம்தான். வீட்டார் யாரும் அதை மது என்று சொல்வதில்லை.

போன டிசம்பரில் ஒரு தூக்குவாளி சொதி கொண்டுபோனேன். ஆம்பளைகள் முன்கட்டில் மட்டனும் முந்திரிக்கொத்துமாக இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டோம். டீச்சரம்மா சொதியை ஒரு வாய், வைனை ஒரு வாய் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ‘சேரலட்டி. இனிப்புக் கூடிப்போச்சு. அடுத்த வருசம் சீனியைக் கால் பங்கு குறைச்சிப் போடுதேன், நீ இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொண்டா, பாப்போம்’ என்றார்.