வேகத்துக்கு ஆயிரம் புள்ளி

நோர்வேக்காரர்கள் 2013இல் வெளியிட்ட கஹூட்டை இனி எந்த ஆசிரியருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. பெரிய திரையில் கேள்வி, பிள்ளைகளின் ஃபோனில் நான்கு நிறக் கட்டங்கள், இடையிடையே அந்தத் துள்ளல் இசை. இசையை இரண்டாம் வாரமே நிறுத்திவிடத் தோன்றும். இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம், அதிலும் பல்தேர்வு வினாக்கள் உண்டு. அதனால் சைவநெறி வகுப்புக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது என்றுதான் முதலில் படும்.

வகுப்பு கலகலப்பதும் உண்மை. கடைசி வாங்கில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

கோளாறு புள்ளிக் கணக்கில் இருக்கிறது. சரியான விடைக்கு 1000 புள்ளி. தாமதிக்கத் தாமதிக்க அது 500 வரை இறங்கும். 20 விநாடிக் கேள்விக்கு 2 விநாடியில் தட்டியவருக்கு 950, 18 விநாடி யோசித்தவருக்கு 550. இருவரும் சொன்னது ஒரே விடைதான்!

திருக்கேதீச்சரத்தைப் பாடியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் என நான்கு கட்டங்கள். சம்பந்தரும் பாடியிருக்கிறார், சுந்தரரும் பாடியிருக்கிறார். ஆசிரியர் இரண்டையும் சரியென்று குறித்து வைக்கலாம். எதைத் தட்டினாலும் புள்ளி விழும். ஆனால் சம்பந்தரை மட்டும் மனப்பாடம் செய்தவன் யோசிக்காமல் தட்டி முன்னே போய்விடுகிறான். இரண்டு பதிகமும் தெரிந்த பிள்ளைதான் எதைத் தட்டுவது என்று திணறிப் பின்தங்குகிறாள். இருவருமே கடல் கடக்காமல் இராமேச்சுரத்தில் நின்றபடி மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாடினார்கள் என்கிறது பெரியபுராண மரபு. ஏன் அப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால் அரை மணி நேரம் பேசலாம். அதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

ஒரு கேள்விக்கான நேரத்தை 4 நிமிடம் வரை நீட்டலாம். புள்ளி வித்தியாசம் சுருங்கும். முந்தும் அவசரம் போகாது. புள்ளியே வேண்டாம் என்று வைக்கவும் வழி உண்டு. அப்படி வைத்தால் முதல் மூன்று இடத்துக்கான ஆரவாரம் அடங்கிவிடும். சமய பாடத்துக்கு அந்த ஆரவாரம் எதற்கு?

பதிகத்தைப் பண்ணோடு கேட்க வைக்க வேண்டுமென்றால் கஹூட்டை மூடிவிட்டுத் தேவாரம் இணையதளத்துக்குப் போவதே மேல். பாட்டும் உரையும் ஓதிய ஒலிப்பதிவும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன, இலவசமாக. அலகு முடிந்ததும் மீட்டலுக்குக் கஹூட் போதும், புள்ளியை நிறுத்திவிட்டு.