ஊமையாகக் கண்ட ஆறு

இரண்டு வாரங்களாக என் மேஜையின் மீது அட்டாரி 800எக்ஸ்எல் என்னும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று வீற்றிருக்கிறது. 1983ஆம் ஆண்டு வெளிவந்த யந்திரம். 64 கிலோபைட் நினைவகம். பாலேட்டு நிறமும் கறுப்பும் கலந்த கூடு. வலது ஓரத்தில் உலோகப் பளபளப்புடன் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில பொத்தான்கள். மேற்புறத்தில் கார்ட்ரிட்ஜைச் செருகுவதற்கு ஒரு வாய். அந்த வாயில் ‘ரிவர் ரெய்டு’ என்னும் விளையாட்டின் கார்ட்ரிட்ஜை அழுத்தி, மின்விசையைப் போட்டு, ஸ்டார்ட் பொத்தானைத் தொட்ட க்ஷணத்தில், நாற்பது ஆண்டுகளாக எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஆறு, நான் ஒருபோதும் கண்டிராத நீல நிறத்தில் திரையின் மேல் விளிம்பிலிருந்து இறங்கி வந்தது. கரைகள் பச்சையாக இருந்தன. விமானம் உறுமியது. என் கண்கள் கலங்கிவிட்டன.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1985ஆம் ஆண்டுக் கோடையில், கலிபோர்னியாவில் உத்தியோகத்திலிருந்த என் தாய்மாமா இரண்டு மாத விடுமுறையில் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவதற்கென்று இந்த யந்திரத்தையும் கொண்டுவந்தார். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230; ஆகையால் செங்கல் பருமனில் ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கடைத்தெருவில் வாங்கி நடுவில் வைத்தோம். அதோடு தீரவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் என்டிஎஸ்சி முறை வினாடிக்கு 60 தடவை திரையைத் தீட்டுவது. நம்முடைய பால் முறையோ 50 தடவை. முதலில் படம் நிற்காமல் உருண்டுகொண்டே போயிற்று. பெட்டியின் பின்புறமிருந்த வெர்டிகல் ஹோல்ட் திருகை மாமா பொறுமையாகத் திருகித் திருகி அதை ஒருவழியாக நிலைக்குக் கொண்டுவந்தார். ஒலியை மட்டும் அவராலும் கொண்டுவர முடியவில்லை. படத்துக்கும் ஒலிக்கும் இடையே அந்நாட்டார் 4.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடுகிறார்கள், நாம் 5.5 விடுகிறோம், எங்கள் பெட்டி ஒலியைத் தேடிய இடத்தில் ஒலி இல்லை, வெறும் இரைச்சலே இருந்தது. வால்யூமை அடியோடு குறைத்துவிட்டோம். பெட்டியோ கறுப்பு-வெள்ளை. ஆகவே அந்த இரண்டு மாதமும் நான் சாம்பல் நிறக் கரைகளுக்கு நடுவே, சாம்பல் நிற ஆற்றின்மேல், சத்தமில்லாத விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்துக்கு எனக்கு வாய்த்த ஒரே சங்கீதம், தரையில் சூடேறிக் கிடந்த ட்ரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம்.

எதுவும் குறைவதாக எனக்குத் தோன்றவேயில்லை. மாலை வெயில் ஜன்னல் வழியே திரையில் விழாதபடி பழைய போர்வையொன்றைக் கட்டிவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டால் உலகம் மறந்துவிடும். “போதும்டா, ஆத்தை விட்டு ஏறி வந்து சாப்பிடு” என்று அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிடுவாள். ஒரு பாலம், இன்னும் ஒரே ஒரு பாலம் என்று நான் கெஞ்சுவேன். விடுமுறை முடிந்ததும் யந்திரம் மாமாவோடு விமானமேறிப் போய்விட்டது. இவ்வாண்டு மாமாவின் மகன் வீட்டுச் சாமான்களை ஒழுங்கு செய்கையில் அது அகப்பட்டு, என் ஞாபகம் வந்து, அதே யந்திரத்தையும் அதே கார்ட்ரிட்ஜையும் பத்திரமாகக் கட்டி எனக்கு அனுப்பிவைத்தான். என்டிஎஸ்சி, பால் இரு முறைகளையும் ஏற்கும் பழைய படக்குழாய் மானிட்டர் ஒன்றை நான் தேடிப் பிடித்துவைத்திருந்தேன்.

ஆட்டத்தின் அமைப்பு மிக எளியது. திரையின் கீழ்ப்பகுதியில் உங்கள் விமானம். மேலிருந்து கீழாக ஆறு ஓடிவருகிறது. ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் சாய்த்தால் விமானம் நகரும். முன்னே தள்ளினால் வேகம் கூடும், பின்னே இழுத்தால் குறையும். கரையில் மோதினால் விமானம் போயிற்று. கப்பலைச் சுட்டால் 30 புள்ளி, ஹெலிகாப்டருக்கு 60, குறுக்கே பறக்கும் ஜெட்டுக்கு 100. ஆற்றின் குறுக்கே வரும் பாலத்தைத் தகர்த்தால் 500. விமானத்தை இழந்தாலும் கடைசியாகத் தகர்த்த பாலத்தை அடுத்துத் தொடங்கலாம். இவ்வளவோடு நின்றிருந்தால் இதுவும் அக்காலத்து நூறு சுடும் விளையாட்டுகளில் ஒன்றாக மறக்கப்பட்டிருக்கும்.

இதன் உயிர் எரிபொருளில் இருக்கிறது. திரையின் அடியில் ஓர் அளவுமானி. அதன் முள் எந்நேரமும் காலியை நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கிறது. எஃப், யூ, ஈ, எல் என்னும் நான்கு எழுத்துகளை மேலிருந்து கீழாகத் தாங்கிய கிடங்குகள் ஆற்றில் ஆங்காங்கே மிதந்து வருகின்றன; அவற்றின்மேல் பறந்தால் எரிபொருள் ஏறும், மெதுவாகப் பறந்தால் அதிகமாக ஏறும்; ஆனால் அதே கிடங்கைச் சுட்டு வீழ்த்தினால் 80 புள்ளி கிடைக்கும். இந்த ஒரு விதியில்தான் ஆட்டத்தின் மேதைமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சுடுவதற்கென்றே பழக்கப்பட்ட விரல், சுடாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வேகமே தைரியம் என்று நினைத்த மனம், எதிரே ஹெலிகாப்டர் வந்துகொண்டிருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கிடங்கின்மேல் நிதானமாக ஊர்ந்து, முள் நிமிர்வதைக் காத்திருந்து பார்க்கப் பழக வேண்டும். கிடங்குகள் தாராளமாக வரும் முதற்பகுதியில் அவற்றைச் சுட்டு விளையாடியவன், தூரம் செல்லச்செல்ல அவை அருகிவிடும்போது, தான் வீணாக்கிய ஒவ்வொன்றையும் நினைத்து வருந்துவான். நான் வருந்தியிருக்கிறேன்.

இதைப் படைத்தவர் கரோல் ஷா என்னும் அம்மையார். பெர்க்லியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1978இல் அட்டாரியில் சேர்ந்து, பின்னர் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு வந்து, 1982இல் அட்டாரி 2600 என்னும் சிறிய விளையாட்டுப் பெட்டிக்காக இதை எழுதினார். வீடியோ விளையாட்டுத் தொழிலின் ஆரம்பகாலப் பெண் வடிவமைப்பாளர்களில் முக்கியமானவர். ஆக்டிவிஷனைத் தோற்றுவித்தவர்களில் பெரும்பாலோர், படைத்தவனின் பெயரை அட்டைப்பெட்டியில் போட மறுத்த பழைய முதலாளியிடமிருந்து பிரிந்து வந்த புரோகிராமர்கள். ஆகையால் ஷாவின் பெயர் இந்த விளையாட்டோடு அச்சாகி வெளிவந்தது. மாமா கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் அந்தப் பெயரை வாசித்த எனக்கு, விளையாட்டையும் ஒருவர் கதை எழுதுவதுபோல உட்கார்ந்து எழுதுகிறார் என்னும் எண்ணம் முதன்முதலில் உதித்தது. 2017இல் அமெரிக்காவில் அவருக்கு விருது வழங்கிக் கௌரவித்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, என் சொந்த வாத்தியாரம்மாவுக்கு மரியாதை செய்ததைப் போல் சந்தோஷப்பட்டேன்.

முதலில் எழுதிய அந்த 2600 பிரதி முழுவதும் 4 கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஒரு தமிழ் எழுத்தை இன்றைய கம்ப்யூட்டரில் சேமிக்கக் குறைந்தது மூன்று பைட் வேண்டும். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை அந்த 4 கிலோபைட்டுக்குள் ஒருக்காலும் அடங்காது. அப்படியிருக்க, முடிவில்லாத ஓர் ஆறு அதற்குள் எப்படி அடங்கிற்று? ஷா ஆற்றை வரைந்து சேமிக்கவில்லை. ஆற்றை உண்டாக்கும் கணக்கை மட்டுமே சேமித்தார். ஓர் எண்ணை எடுத்து, அதன் இருமத் துணுக்குகளை ஒருபுறமாக நகர்த்தி, காலியான இடத்தில் பழைய துணுக்குகளைக் கலந்து பிறந்த புதிய துணுக்கைச் சேர்த்தால் அடுத்த எண் கிடைக்கிறது. அது முன்னதோடு சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். அந்த எண்கள் சொல்லும்படி கரை விரிகிறது, குறுகுகிறது, நடுவில் தீவு முளைக்கிறது. ஆனால் தொடங்கும் எண் எப்போதும் ஒன்றே. ஆகவே பார்வைக்கு மனம்போனபடி வளைந்து செல்லும் அந்த ஆறு, ஒவ்வொரு தடவையும் அணுவளவும் மாறாமல் அதே ஆறாக வருகிறது. உலகத்தில் எந்த மூலையில் எவர் அந்தக் கார்ட்ரிட்ஜைச் செருகினாலும் அவர் இறங்குவது ஒரே ஆற்றில்தான்.

என் மேஜைமேல் இருக்கும் பிரதி, அட்டாரி வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக ஷாவே பிற்பாடு எழுதியது. இதில் கரையோரத்து டாங்கிகளும் காற்றில் மிதக்கும் பலூன்களும் கூடியிருக்கின்றன. யந்திரமும் இவ்வகை ஆட்டத்துக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. இதன் பிரதான மூளை வினாடிக்கு 18 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான துடிப்புகளோடு ஓடும் 6502 சில்லு. ஆயினும் படத்தைத் திரையில் விரிக்கும் வேலையை அதன் தலையில் கட்டாமல், ஆன்டிக் என்னும் தனிச் சில்லு ஏற்றுக்கொள்கிறது. படம் நினைவகத்தில் எங்கே தொடங்குகிறது என்பதை ஆன்டிக்கிடம் சொல்லிவிட்டால் போதும். அந்தத் தொடக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே வர, முழுத் திரையும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கி நகரும். அதே காலத்து ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் இதைச் செய்வதானால் அதன் மூளை திரையின் 6144 பைட்டையும் தானே தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். மேலும், பின்னணியோடு ஒட்டாமல் மிதக்கும் உருவங்கள் நான்கை இந்த யந்திரம் தனியாகவே வைத்துக்கொள்கிறது. அவற்றைப் பக்கவாட்டில் நகர்த்த ஓர் எண்ணை மாற்றினால் போதும், மேலும் கீழும் நகர்த்தத்தான் அதிக வேலை. நம் விமானமோ மேலும் கீழும் நகர்வதேயில்லை.

இனி ஒலியைப் பற்றி. இரண்டு வாரம் ஒலியோடு ஆடிய பிறகு, சிறுவயதில் நான் ஆடியது பாதி ஆட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேகத்தைக் கூட்டினால் உறுமலின் சுருதி ஏறுகிறது, குறைத்தால் இறங்குகிறது. எரிபொருள் தீரும் தறுவாயில் எச்சரிக்கை மணி விடாமல் அலறுகிறது. கிடங்கின்மேல் பறக்கும்போது எரிபொருள் ஏறுவது காதிலேயே கேட்கிறது. ஆக, கண் கரையை விட்டு அகலத் தேவையேயில்லை. 1985இல் நானோ முள்ளைப் பார்ப்பதற்காக அரை வினாடி கண்ணைத் தாழ்த்தி, அந்த அரை வினாடியில் எத்தனையோ விமானங்களைக் கரையில் மோதவிட்டேன்; அதைக் கைத்திறமையின் குறை என்றே அன்று எண்ணினேன்.

குறைகளும் இருக்கின்றன. முதல் இருபது பாலங்களுக்குள் பகைவர்களின் வகையெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் ஆறு குறுகுவதும் கிடங்குகள் அருகுவதும் தவிரப் புதிதாக ஏதும் இல்லை. நம் ஆயுதமும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றேதான். 1986இல் எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டருக்கு வந்த ‘ஸானாக்’, ஆடுபவனின் போக்கைக் கவனித்து எதிரிகளைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் சாமர்த்தியம் உடையது. அதை ஆடிவிட்டு இதற்கு வருபவருக்கு இது வறண்டதாகத் தோன்றலாம். மேற்கு ஜெர்மனியில் 1984இல் இது இளைஞருக்குத் தீங்கானது என்று அரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2002 வரை அதிலிருந்து நீங்கவில்லை. குண்டும் பாலமும் உள்ள விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இது கற்பித்தது சிக்கனத்தை.

ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறை தண்டின் அடியில் வெடித்துவிட்டது. ஆயினும் உள்ளிருக்கும் தகடுகள் இன்னும் ‘டக்’கென்று தொடுகின்றன. யந்திரம் கிட்டாதவர்கள் இன்றைய கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வழியே ஆடலாம். ஆல்டிரா என்பது மிகவும் நம்பகமானது. தட்டைத் திரை டிவியில் ஆடுவோர், படத்தை மெருகேற்றும் வசதிகளையெல்லாம் அணைத்து, கேம் மோடில் வைத்துக்கொள்வது அவசியம். மெருகேற்றும் வேலையில் படம் சில கணம் பின்தங்கும், இந்த ஆற்றிலோ அந்தச் சில கணத்தில் கரை வந்துவிடும். பழைய படக்குழாயில் அந்தத் தாமதம் கிடையாது. இடம் இருப்பவர்கள் படக்குழாயையே தேடுங்கள் என்பேன்.

நேற்று இரவு வீட்டார் உறங்கிய பிறகு, ஒலியை அடியோடு குறைத்துவிட்டு ஆடினேன். மானிட்டரின் வர்ணத் திருகையும் இறுதிவரை திருப்பினேன். நீலமும் பச்சையும் வடிந்து சாம்பலாயின. காலடியில் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர், புதியதுதான், அதே ரீங்காரத்தோடு சூடேறிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாலம் கழிந்து ஆறு அகன்றது. திரையின் விளிம்பில் தீவு தலைகாட்டுவதற்கு முன்பாகவே என் மணிக்கட்டு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. தீவு வந்தது, அதன் இடப்புறத்துக் கால்வாயில், வருமென்று என் கை எதிர்பார்த்த இடத்தில், நான்கு எழுத்துகளைத் தாங்கிய கிடங்கு வந்தது. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, அதன்மேல் ஊர்ந்தேன்.