நகையும் பெருமிதமும்: 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' திரைப்படம் பெற்ற முரண்பட்ட மதிப்பீடுகள்

ஒரு படைப்பினைப் பற்றித் திறனாய்வாளர் இருவர் தம்முள் மாறுபட்ட முடிபு கூறுவாராயின், அவருள் ஒருவர் பிழைபட்டார் எனக் கொள்ளுதல் எளிது. அவ்விருவரும் ஒன்றனையே கண்டனரா என வினாவுதல் அரிது. 2000-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' என்னும் திரைப்படத்தைப் பற்றி எழுந்த மதிப்பீடுகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இவ்வினா எழாமற் போகாது. ஒப்பனை மிக்க துப்பறியும் மகளிர் மூவரைத் தலைமக்களாகக் கொண்டு, சண்டையும் நகையும் விரவ எடுக்கப்பட்ட அப்படத்தினைப் பெண்டிரை இழிவு செய்வது எனத் தள்ளியோரும் உளர். பெண்டிரின் ஆற்றலைக் களிப்போடு காட்டுவது எனக் கொண்டாடினோரும் உளர். இருசாராரும் தத்தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவன பெரும்பாலும் ஒரே காட்சிகளே என்பது வியப்புக்குரியது.

இப்படத்தை யாம் ஆராயப் புகுந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் வேண்டும். எம் முதுகலை வகுப்பில் மெய்ப்பாட்டியல் பாடம் நிகழ்ந்தபொழுது, எள்ளல் என்பதற்கு எடுத்துக்காட்டாக மாணவி ஒருவர் இப்படத்தின் காட்சி ஒன்றனைக் குறித்தார். மற்றொரு மாணவி அதே காட்சியை இளிவரலுக்கு எடுத்துக்காட்டு என மறுத்தார். யாமோ படத்தைக் காணாமலே, 'இஃது ஆராய்ச்சிக்குரிய பொருளன்று' எனக் கூறி இருவரையும் அமர்த்தினோம். பின்னர்ப் படத்தைக் கண்டோம். காணாமற் கூறிய எம் கூற்றே வகுப்பில் எழுந்த மூன்று கூற்றுகளுள் வலுவற்றது என்பதனை ஒப்புக்கொள்ளுதல் எம் கடன்.

இப்படத்திற்கு மூலம் 1976 முதல் 1981 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் நிகழ்ந்த தொடராகும். ஐவன் கோஃப், பென் ராபர்ட்ஸ் என்பார் படைத்த அதனை ஆரன் ஸ்பெல்லிங்கும் லெனார்டு கோல்டுபெர்க்கும் தயாரித்தனர். கேட் ஜாக்சன், ஃபாரா ஃபாசெட், ஜாக்லின் ஸ்மித் என்னும் மூவரும் முதற்கண் நடித்தனர். காவற்பயிற்சி பெற்று வெளிவந்த பெண்டிர் மூவர்க்கு எழுத்துவேலையும் போக்குவரத்து வேலையுமே கிட்டின. அவ்வேலையினின்று அவரை மீட்டுத் தன்பால் அமர்த்திக்கொண்டான் சார்லி என்னும் செல்வன். தொடரின் முகப்பில் அவன் குரலே இச்செய்தியைக் கூறும். அக்குரல் அப்பெண்டிரைச் சிறுமியர் எனவே சுட்டுகின்றது. அவன் முகமோ காட்டப்படுவதில்லை. ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக ஜான் ஃபார்சைத் என்னும் நடிகரின் குரல் மட்டுமே வரும். உடலைக் காட்டிப் பார்வையாளரைத் திரட்டும் தொடர் என அக்காலத்தே அதனைப் பழித்தனர். வேலை செய்து தம் கால்களில் நிற்கும் பெண்டிரை வாரந்தோறும் கண்டதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்த மகளிரும் பலர். முரண்பட்ட மதிப்பீடு திரைப்படத்தோடு தோன்றியதன்று என்பது இதனாற் புலப்படும்.

தலைப்பினை இலக்கண நோக்கிற் காணுதலும் பயனுடைத்து. 'சார்லியின் தேவதைகள்' என்புழி நிற்பது ஆறாம் வேற்றுமை. இதனைத் தற்கிழமை என்பார் இலர், பிறிதின்கிழமையே. தேவதைகள் சார்லியின் உடைமையா, சார்லியோடு தொழில்முறையால் இயைந்தவரா என்பதனை உருபு தானே உணர்த்தாது. பழித்தாரும் புகழ்ந்தாரும் இட்ட வழக்கின் பெரும்பகுதி இவ்வோர் உருபினுள் அடங்கும் எனின் அது மிகையாகாது.

2000-இல் வந்த படத்தை இயக்கியவர் மெக்ஜி. பாட்டுப்படங்களும் விளம்பரப் படங்களும் எடுத்துப் பழகிய அவர்க்கு இதுவே முதல் முழுநீளப் படம். ட்ரூ பேரிமோர், காமரன் டயஸ், லூசி லியூ மூவரும் தலைமை மகளிராயினர். பேரிமோர் தயாரிப்பாளருள்ளும் ஒருவர். ஏறத்தாழ 9 கோடியே 30 இலட்சம் டாலர் செலவிட்டு எடுக்கப்பட்ட இப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 26 கோடியே 40 இலட்சம் டாலர் ஈட்டியது. மக்கள் திரண்டு கண்டனர் என்பதற்கு இத்தொகை சான்று. ஆயினும் அமெரிக்கத் திறனாய்வாளருள் பெரும்புகழ் பெற்ற ரோஜர் ஈபர்ட் நான்கு விண்மீன் அளவையில் அரை விண்மீனே அளித்தார். அறிவுக்கு அதில் ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து. வேறு பலர் வெறும் விளையாட்டு என்னும் அளவில் அதனை ஏற்று மகிழ்ந்தனர்.

கதை பெரிதன்று. எரிக் நாக்ஸ் என்னும் மென்பொருள் வல்லுநன் கடத்தப்பட்டான் எனக் கேட்டு மூவரும் அவனை மீட்கின்றனர். மீட்ட பின்னரே அவனே சூழ்ச்சித் தலைவன் என்பது தெரிகின்றது. குரலைக்கொண்டு ஆளை அறியும் தன் மென்பொருளைச் செயற்கைக்கோளோடு இணைத்து, சார்லி உறையும் இடத்தைக் கண்டு, தன் தந்தையின் சாவிற்குப் பழிவாங்குதல் அவன் நோக்கம். பகைவனுக்கும் குரல் ஒன்றே தடயம் என அமைத்தது நன்று. அதற்குமேல் கதைப்பின்னலைப் பாராட்ட இடமில்லை.

படத்தின் உயிர் கதையினும் நகையிலேயே உள்ளது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நிலைக்களன் நான்கு என்பது தொல்காப்பியர் துணிபு. எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவர்: தான் பிறரை எள்ளியவழித் தோன்றும் நகை ஒன்று, தான் பிறரால் எள்ளப்பட்டவழித் தன்கண் தோன்றும் நகை மற்றொன்று. சென்ற நூற்றாண்டின் இறுதியில் ஹாலிவுட்டில் எடுத்த படத்திற்கு இவ்வுரை பொருந்துமோ என ஐயுறுவார்க்கு யாம் கூறுவது இது: மெய்ப்பாடு மாந்தர்க்குப் பொது, உரைகாரர் வகுத்த வகைமை படத்தின்கண் வேலை செய்கின்றதா என்பதனை ஆய்ந்து காணலாம். வேலை செய்யாதாயின் விட்டுவிடலாம்.

படம் வானூர்தி ஒன்றனுள் தொடங்குகின்றது. ஆங்குப் பயணிகட்குக் காட்டப்படும் படம், பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றன் திரைவடிவம். அதனைக் கண்டு பயணி ஒருவன் சலித்துக்கொள்கின்றான்: பழந்தொடரிலிருந்து இன்னுமொரு படமா என்பது அவன் சலிப்பு. தாமே பழந்தொடரொன்றைப் படமாக்கியோர், திறனாய்வாளர் கூறவிருக்கும் குறையைத் தாமே முந்திக் கூறிவிடுகின்றனர். அச்சலிப்பைக் கூறிய பேருருவ ஆடவன் சிறிது பொழுதில் தன் முகமூடியைக் கழற்ற, உள்ளிருப்பவர் பேரிமோர் நடிக்கும் டிலன். முதற்காட்சியிலேயே எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் ஒருவராகிவிட்டனர். பேராசிரியர் வகுத்த இருவகையும் ஓருடலில் வந்து கூடுகின்றன. இக்குறிப்பைப் பற்றிக்கொண்டவர் படம் முழுவதையும் தன்னைத்தான் எள்ளும் படமாகக் காண்பர். இதனைத் தவறவிட்டவர்க்கு எஞ்சுவது உடலும் உடையுமே.

ஆயினும் இக்குறிப்பு ஒன்றனையே கொண்டு படத்தை முற்றும் விடுவித்தல் இயலாது. லூசி லியூ நடிக்கும் அலெக்ஸ், செயற்கைக்கோள் நிறுவனம் ஒன்றனுள் திறன்மேம்பாட்டு வல்லுநராக மாறுவேடத்தில் புகும் காட்சி ஒன்றுண்டு. தோலாடை அணிந்து, கையிற் கோலேந்திப் பொறியாளர் குழுவின் முன் நின்று அவர்தம் வேலைமுறையைக் கடிந்துரைக்கின்றாள். அவர்கள் வாய்பிளந்து நிற்கின்றனர். கதைக்குள் எள்ளப்படுவோர் அப்பொறியாளரே. கண்ணால் மயங்கிக் காவலை மறந்த பேதைமை அவருடையது. ஆனால் ஒளிப்படக்கருவி எங்கே நிற்கின்றது? பொறியாளரின் கண்ணிருக்கும் இடத்திலேயே பெரிதும் நிற்கின்றது. அரங்கில் அமர்ந்தோரும் அவரோடு சேர்ந்து பார்க்குமாறு ஏவப்படுகின்றனர். பின்னர் அவரைப் பார்த்து நகுமாறும் ஏவப்படுகின்றனர். திரைப்படத்தின் கண் ஆடவரின் கண்ணாக அமைவதனை லாரா மல்வி என்னும் ஆங்கில அறிஞர் 1975-இல் எழுதிய கட்டுரையில் விரித்துரைத்தார். அவர் கருத்தை இப்படத்தினர் அறிந்திருந்தால் வியப்பில்லை. அறிந்தும் ஆடவர் நோக்கை எள்ளிக்கொண்டே அந்நோக்கிற்கு விலை பெற்றுக்கொண்டனர். இது படத்தின் குறை என்றே யாம் கருதுகின்றோம். விருந்தினரைப் பெருந்தீனியர் எனப் பரிகசித்துக்கொண்டே இலையில் மேலும் இடும் வீட்டார் போன்றது இது.

எம் மாணவியர் இருவரும் வாதிட்ட காட்சி வேறு. டிலன் நாற்காலியிற் பிணிக்கப்பட்டிருக்கின்றாள். சூழப் பகைவர் நிற்கின்றனர். அவள் அஞ்சுவதற்கு மாறாக, இன்னின்னவாறு உங்களை வீழ்த்துவேன் என ஒவ்வொன்றாக முன்னுரைக்கின்றாள். உரைத்தவாறே கைகள் பிணிப்புண்ட நிலையிலேயே பொருது வெல்கின்றாள். இறுதியில், மைக்கேல் ஜாக்சன் புகழ்படுத்திய பின்னோக்கி நடக்கும் ஆட்டநடையையும் ஆடிக் காட்டுகின்றாள். பிணிப்புண்ட பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்கியது இளிவரல் என ஒரு மாணவி கூறினார். மற்றவரோ, இது வஞ்சினம். கூறியது கூறியவாறு முடிப்பது மறவர் இயல்பு. அதனைப் பெண்ணொருத்தி ஆட்டத்தோடு முடித்தலால் பெருமிதம் நகையாயிற்று என்றார். யாம் இரண்டாமவர் பக்கமே சாய்கின்றோம். காரணம் இது: வஞ்சினம் கூறுவோர்க்குப் பகைவர் செவிசாய்த்தல் வேண்டும். இக்காட்சியில் ஆடவர் அனைவரும் அவள் கூறுவதைக் கேட்டு நகுகின்றனர். அந்நகை அடுத்த நொடியில் அவர்மேலேயே திரும்புகின்றது. எள்ளப்பட்டவள் எள்ளுபவளாகும் மாற்றம் காட்சிக்குள்ளேயே நிகழ்ந்து முடிகின்றது. ஒளிப்படக்கருவியும் இங்கே அவள் செயலைப் பின்தொடர்கின்றது. பொறியாளர் காட்சியிற்போல ஓரிடத்தில் நின்று நோக்கவில்லை.

இதனோடு தொடர்புடைய மற்றொன்றும் உண்டு. பழந்தொடரில் மகளிர் கைத்துப்பாக்கி ஏந்தினர். இப்படத்தில் மூவரும் துப்பாக்கி ஏந்துவதில்லை; இது பேரிமோரின் துணிபு. 1999-இல் வந்த 'மேட்ரிக்ஸ்' படத்திற்குச் சண்டைகளை அமைத்த யுவன் வூபிங்கின் உடன்பிறந்தாராகிய யுவன் சியுங்யான் இப்படத்திற் பயிற்சியளித்தார். பெருமிதத்திற்குக் கூறப்பட்ட கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கனுள் முன்னவை இரண்டும் இம்மகளிர்பால் தெளிவாக உள்ளன. அவற்றோடு மடனும் உடன்வைக்கப்பட்டது. அலெக்ஸ் சுடும் அப்பவகை கல்லெனக் கடியது. டயஸ் நடிக்கும் நாட்டலி வீட்டிலே தனியே நின்று நாணமின்றி ஆடுகின்றாள்; பின்னர்ப் பெருங்கூட்டத்தின் முன்னும் அவ்வாறே ஆடுகின்றாள். யார் நோக்குகின்றனர் என்னும் எண்ணமே இன்றி ஆடும் அவ்வாட்டத்தில் டயஸின் நடிப்பு படத்திலேயே மிக்க உயிருடையது. கவர்ச்சி காட்டுவோர் தம்மை நோக்குவாரை மறத்தல் அரிதினும் அரிது.

2003-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இரண்டாம் படம் வந்தது. ஏறத்தாழ 12 கோடி டாலர் செலவு. வரவு முதற்படத்தினும் சற்றே குறைவு. திறனாய்வாளர் பலர் முதற்படத்தினும் தாழ்ந்தது என்றனர். ஈபர்ட்டோ இம்முறை இரண்டரை விண்மீன் அளித்தார்! எமக்கு இது பெரும்பிழையாகவே தோன்றுகின்றது. முதற்படத்தில் இடருண்டு, இடரினின்று நகை பிறந்தது. இரண்டாம் படத்தில் இடரே இல்லை. மலையினின்று வீழ்ந்தாலும் ஒன்றும் நேராது என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகின்றது. அஞ்சுதற்கு ஒன்றுமில்லாதவிடத்துத் தறுகண் எவ்வாறு தோன்றும்? இன்னும் வருந்தத்தக்கது டெமி மூர் ஏற்ற மாடிசன் லீ என்னும் பாத்திரம். முன்னொரு காலத்துச் சார்லியிடம் பணிபுரிந்து விலகியவள் அவள். பிறர் குரலுக்குக் கீழ்ப்படிந்திருத்தலை ஒல்லாதவள். யாம் மேலே காட்டிய ஆறாம் வேற்றுமையை வினாவுக்குட்படுத்தும் பாத்திரம் மூன்று படத்துள்ளும் அவளொருத்தியே. அவளையே பகைவியாக்கி அழித்தனர்.

2019-இல் எலிசபெத் பேங்க்ஸ் எழுதி இயக்கிய படம் பெண்ணொருவர் இயக்கியது. பாஸ்லி என்னும் பெயர் அதில் பதவிப்பெயராயிற்று. இயக்குநரே அப்பதவி வகிப்பவருள் ஒருவராக நடித்தார். நோக்கம் செவ்விது. ஆனால் பெண்டிரின் ஆற்றலை உரையாடலிலேயே எடுத்துரைத்து அப்படம் தொடங்குகின்றது. செயலாற் பெறவேண்டியதனைச் சொல்லால் முன்னரே பெற்றுவிட்டமையின் நகைக்கு இடமின்றிப் போயிற்று. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 84 இலட்சம் டாலரே கிட்டியது. வருவாய் குறைந்தமைக்குக் காரணம் பல இருக்கலாம். அதனைக்கொண்டு பெண்டிர் இயக்கும் படத்தை மக்கள் விரும்பார் என முடிபு கூறியவர்கள் 2000-ஆம் ஆண்டுப் படத்தின் தயாரிப்பாளருள் ஒருவர் பெண் என்பதனை மறந்தனர்.

இவ்வாய்வின் முதல் வரைவை எம் மாணவியர் இருவர்க்கும் காட்டினோம். இளிவரல் எனக் கூறிய மாணவி அதனைப் படித்துவிட்டு ஒரு வினா எழுப்பினார். தான் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் என்பதில், அந்நகை அவளுடையதுதானா? படத்தை எழுதிய ரயன் ரோ, எட் சாலமன், ஜான் ஆகஸ்ட் மூவரும் ஆடவர்; இயக்கியவரும் ஆடவர். பெண் தன்னைத்தான் எள்ளி நகுவதாக ஆடவர் எழுதினால் அது பேராசிரியர் கூறிய எவ்வகையுள் அடங்கும்? பேரிமோர் தயாரிப்பாளராக இருந்தமையும், துப்பாக்கி வேண்டா என அவர் துணிந்தமையும் எம் விடையின் ஒரு பகுதி. அம்மாணவிக்கு அது போதவில்லை. எமக்கும் முற்றும் போதவில்லை என்பதனால், நாற்காலிக் காட்சிக்கு ஒப்பான காட்சிகள் 1976-ஆம் ஆண்டுத் தொடரில் எவ்வாறு அமைந்தன என்பதனை அவரே ஆய்ந்து எழுதுமாறு பணித்துள்ளோம்.