நத்தார்ப் பொறியும் ஒரு தந்தையும்

டி. டபிள்யூ. கிறிஃபித் இயக்கிய இரு மௌனக் குறும்படங்கள் 1909 டிசம்பரில் வெளிவந்தன. ‘ஏ கோர்னர் இன் வீற்’, கோதுமைச் சந்தையை முற்றாகக் கைப்பற்றும் வணிகனையும் பாணுக்கு வழியற்ற மக்களையும் எதிரெதிரே நிறுத்தியது. திரைப்பட வரலாறுகள் அதனைப் போற்றுகின்றன. மற்றையது, இன்று அதிகம் பேசப்படாத நத்தார்ப் படமான ‘ஏ ட்ராப் ஃபோர் சான்டா குளோஸ்’.

வேலையற்ற தந்தை குடியில் வீழ்ந்து குடும்பத்தைப் பிரிகிறான். பின்னர் தாய்க்கு மரபுரிமைச் சொத்துக் கிடைக்கிறது. நத்தார்த் தாத்தாவைப் பிடிக்கப் பிள்ளைகள் பொறி வைத்திருக்கும் இரவில், யார் வீடென அறியாது அவன் திருடப் புகுகிறான்; மனைவியிடம் அகப்படுகிறான். அவள் மன்னிக்க, தந்தையே நத்தார்த் தாத்தாவாகிறான்.

வேலையின்மை குடும்பத்தைச் சிதைப்பதைப் படம் ஒளிக்கவில்லை. அந்த நேர்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், சமூகம் தோற்றுவித்த துன்பத்துக்குத் தற்செயலான சொத்தும் தனிமனித மன்னிப்புமே மருந்தாகின்றன. வறுமையின் காரணத்தை ஒரு படத்தில் இனங்கண்ட கலைஞர், அதே மாதத்துப் பண்டிகைப் படத்தில் அக்காரணத்தைக் கேளாதே விடுகிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே, பண்டிகைக் கதை மரபு கலைஞரின் சமூகப் பார்வைக்கு இட்ட எல்லை நமக்குப் புலனாகின்றது.